பத்து மீட்டர் கட்டத்துக்குள் மறைந்திருந்த சீகை

நீலகிரி மேல்மலையில் புல்வெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் என் முதுகலை ஆய்வு. வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக் குருவிக்கும் அந்தப் புல்லை விட்டால் போக்கிடம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை (வாட்டில்) மரம் அதை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிறது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் இலவசம். முதலில் இறக்கியது ஜூலை மாதப் படம். தென்மேற்குப் பருவமழை மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜனவரி, பிப்ரவரிக்கு மாறினேன். உறைபனியில் புல் கருகி வைக்கோல் நிறமாகிவிடும், மரங்கள் பச்சையாகவே நிற்கும். சிவப்பு, அகச்சிவப்பு அலைவரிசைகளை ஒப்பிட்டதும் புல் வேறு, மரம் வேறு என்று பிரிந்து வந்தது. ஒரு சிக்கல்: செயற்கைக்கோள் காலை பத்தரை மணிவாக்கில் கடக்கிறது. அப்போது வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழுவதால் வடமேற்குச் சரிவுகள் நிழலில் கிடக்கும். மென்பொருள் அவற்றையும் காடு என்றது. உயரத் தரவை வைத்து அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் போனது.

சோலையையும் (இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடு) சீகையையும் பிரிப்பது அதைவிடக் கடினம். இரண்டுமே வருடம் முழுக்கப் பச்சை. சோலை ஓடையோர மடிப்புகளில் ஒடுங்கியிருக்கும், சீகை மேடேறிப் பரவும் என்பது ஓரளவு கைகொடுத்தது.

பிறகு வனத்துறை அனுமதியுடன் களத்துக்குப் போனேன். துணைக்கு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் புல்லுன்னா போட்டிருக்கீங்க? கீழ பாருங்க சார்" என்று குனிந்து புல்லை விலக்கினார். முழங்கால் உயரத்தில் சீகைக் கன்றுகள், இறகு மாதிரி இலையோடு, நெருக்கமாக. ஒன்றைப் பிடுங்கினேன், வேர் ஈர மண்ணை விடவே இல்லை. என் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதற்குள் இத்தனை கன்று இருந்தும் கட்டத்தின் நிறம் புல்லின் நிறம்தான். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்று படித்திருந்தேன். கையில் கன்றோடு நின்றபோதுதான் அது உறைத்தது.

திரும்பி வந்ததும் 'சீகை புகும் அபாயமுள்ள புல்வெளி' என்று தனி வகை சேர்த்தேன். வளர்ந்த சீகைத் தோப்பிலிருந்து உள்ள தூரத்தையும் களத்தில் நேரில் பார்த்துக் குறித்த புள்ளிகளில் பாதியையும் வைத்து அதைக் குறித்தேன். மீதிப் பாதியைச் சரிபார்க்க ஒதுக்கிவைத்தேன். இந்தச் சரிபார்ப்பை யாரும் விட்டுவிடாதீர்கள்.

புது வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தபோது அந்தக் காவலர் அண்ணன் பேனா கேட்டார். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரையாடு மேய்ந்த மூன்று இடங்களை வட்டமிட்டார். அதில் இரண்டு இப்போது என் வரைபடத்தில் சீகைத் தோப்பு.