ரேஸுக்கும் வேலைக்கும் ஒரே வண்டி: குமரி மாவட்டத்தில் என்ன வாங்கலாம்?

அக்கா மகன் கருங்கல்லில் இருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறான். பைக்தான். நமக்குத்தான் வருஷத்துக்கு இரண்டு மழையாச்சே, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று, இரண்டிலும் நனைந்து சலித்துப்போய் கார் வாங்கப் போகிறேன் என்றான். நல்ல விஷயம்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வரியிலேயே, "அதே வண்டிய வச்சு கோயம்புத்தூர் டிராக்லயும் ஓட்டணும் மாமா" என்கிறான். கையில் இருப்பது இரண்டரை லட்சம். வண்டி, வேலை, டயர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இதே கேள்வியோடு நம் பக்கத்துப் பையன்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

யாரிடம் கேட்டாலும் குதிரைத்திறனில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். இந்த மாவட்டத்தில் பழைய கார் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அடித்தகடு. அடுத்து, ஒரு பாகம் போனால் அதே நாளில் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கிடைக்குமா என்பது. ஏனென்றால் டிராக் நமக்குப் பக்கத்தில் இல்லை. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே 400 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் என்றால் சென்னைப் பயணம்தான். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வசதி அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சனிக்கிழமை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் பிழிய வேண்டும், ராத்திரியே கிளம்பி வந்து திங்கட்கிழமை காலை ஆபீஸில் நிற்க வேண்டும். இந்தத் திங்கட்கிழமையைத் தாங்காத எந்த வண்டியும், எவ்வளவு வேகமாகப் போனாலும், அவனுக்கு ஆகாது.

அவன் முதலில் கொண்டுவந்தது பழைய ஹோண்டா சிட்டி வீடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். "மேல போகப் போக இழுக்கும் கேட்டியளா" என்று அரை மணி நேரம் விவரித்தான். இழுக்கும்தான், அந்த இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வயது தாண்டிய வண்டியில் ஒரு சென்சாரோ ஹெட்லைட்டோ போனால் சென்னைக்கோ கொச்சிக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவரை மறுபடி பைக். அதுபோக, வண்டி தாழ்வு. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

தக்கலை மெக்கானிக் ஃபோர்டு ஐகான் 1.6 எடு மக்கா என்றார். ஸ்டீயரிங் சுகம் என்றால் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐகான் தயாரிப்பு நின்றே பல வருஷம் ஆகிறது, ஃபோர்டு கம்பெனியும் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. சர்வீஸ் பாகங்கள் கிடைக்கும். டிராக்கில் யாராவது இடித்து ஒரு பம்பரோ கதவோ போனால் பழைய இரும்புக் கடையில்தான் தேட வேண்டும். ஃபியட் பாலியோ 1.6 ஆசையும் இதே காரணத்தால் கழிந்தது.

அப்புறம் என்ன, மாருதிதான். இதைச் சொன்னதும் பையன் முகம் தொங்கிவிட்டது, பெரியம்மா ஓட்டுகிற வண்டியைக் கொண்டு ரேஸுக்கா என்று. அவனிடம் கரிவர்தன் கதையைச் சொன்னேன். கோவைக்காரர், அந்தச் செட்டிப்பாளையம் டிராக்குக்கே அவர் பெயர்தான். 1980களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் காருக்குள் இருந்தது மாருதி 800இன் 796 சிசி இன்ஜின். விலை குறைவு, எங்கேயும் பாகம் கிடைக்கும், கழற்றி மாட்டுவது எளிது என்றால் நிறையப் பேர் பந்தயத்துக்கு வர முடியும், அவ்வளவுதான் கணக்கு. 2005இல் எஃப்1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். பையன் பதில் பேசவில்லை.

மாருதிக்குள்ளேயும் மூன்று இருந்தன. ஜென், 993 சிசி, சின்னது, எடை குறைவு, வளைவில் திருப்புவது அத்தனை குஷி. ஆனால் நான்கு பேர் வீட்டில் இருந்தால் தினசரிக்கு நெருக்கடி. எஸ்டீம், 1.3 லிட்டர், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் முறை) வந்த பிறகு 85 குதிரைத்திறன், எடையோ 900 கிலோவுக்குள். முதல் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல், அதிலும் அதே குடும்பத்து 1.3 இன்ஜின், 87 குதிரைத்திறன், ஆனால் ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். காகிதத்தில் பார்த்தால் எஸ்டீம் ஜெயிக்கிறது. என் மனசும் எஸ்டீம் பக்கம்தான், நம் நாட்டு டிராக்குகளில் அந்த வண்டி ஓடிய ஓட்டம் கொஞ்சமா.

ஆனால் எஸ்டீம் 2007இல் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பவற்றில் இளையதற்கே பதினெட்டு வயதுக்கு மேல். பதினெட்டு வருஷம் கடற்காற்றில் நின்ற தகடு என்னவாகும் என்று குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி ஆட்களுக்குத் தெரியும், வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தகட்டு மடிப்புக்குள் புகுந்தால் மேல் பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளேயிருந்து தின்னும். முட்டம் பக்கம் ஒரு எஸ்டீம் பார்த்தோம். வெள்ளை நிறம், மெழுகு போட்டுத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள், விலையும் சகாயம். டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கினால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் தார் பூசிய ஷீட். பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேல்பக்கம் உட்காரும் இடத்தைப் பார்த்தால் ஓரமெல்லாம் பொரிந்து நிற்கிறது. டிராக்கில் வளைவில் வண்டியின் பாரமெல்லாம் வந்து உட்காருகிற இடம் அது. அங்கே பேட்ச் போட்டு ஓட்டச் சொல்லும் ஆளிடம் நான் பேசவே மாட்டேன், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு காந்தமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் டார்ச்சும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடித்திருக்கிறது என்று அர்த்தம். ரன்னிங் போர்டின் அடி, ஸ்டெப்னி வைக்கும் குழி, பெட்ரோல் டேங்க் பட்டை, பிரேக் ஆயில் போகும் குழாய், இவற்றைப் பார்க்காமல் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கக் கூடாது. இன்ஜினை இறக்கி வேலை பார்த்துக்கொள்ளலாம், வேறு இன்ஜின்கூடக் கிடைக்கும். பாடி போனால் வண்டியே போச்சு.

எல்லைப் பக்கம் இருப்பதால் நமக்கு இன்னொரு ஆசையும் வரும். மார்த்தாண்டத்தில் இருந்து திருவனந்தபுரம் ஒரு மணி நேரச் சொச்சம்தான், அங்கே விலை குறைவாகக் காட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் எத்தனை கார்கள் முங்கின என்பதை மறந்துவிட வேண்டாம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. சீட் நகரும் தண்டவாளத்தில் துருவும் அதே சேதியைத்தான் சொல்லும். வண்டி சுத்தமாகவே இருந்தாலும் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் 74 அல்லது 75 நம்பர் மாற்றும் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கேஎல் நம்பரிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே பதிவு மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

கடைசியில் ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு வீட்டு ஷெட்டில், 2009 மாடல் ஸ்விஃப்ட் 1.3 கிடைத்தது. கடல் தள்ளி இருக்கிற ஊர், காற்று எவ்வளவு அடித்தாலும் வறண்ட பக்கம். அடித்தகடு கிண்ணென்று இருந்தது. பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஆர்சியை 2029 வரை புதுப்பித்தும் வைத்திருந்தார்கள். இது பெரிய விஷயம், 2022 ஏப்ரலில் இருந்து இந்த வயதுக் காருக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. எஸ்டீமைவிட எடை கூடுதல்தான். பரவாயில்லை, அந்த வித்தியாசம் தெரிகிற அளவுக்கு ஓட்ட அவன் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

வாங்கிய மறுநாளே எக்சாஸ்ட், ஏர் ஃபில்டர், ஸ்பிரிங் வெட்டி இறக்குவது என்று பட்டியல் நீட்டினான். ஒன்றும் வேண்டாம் என்றேன். கேரளாவில் தொடங்கிய ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் நசுங்காமல் இருக்க உள்ளே மாட்டும் குழாய்க் கூண்டு, அந்த ஆசையும் உண்டு அவனுக்கு. தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஆபீஸ் போகும் வண்டிக்குள் இரும்புக் குழாய் எதற்கு, சின்ன இடி என்றாலும் மண்டை அதில்தான் போய் மோதும்.

காசு போக வேண்டிய இடம் பிரேக். அதிலும் முதலில் பிரேக் ஆயில். அது காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு, நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தரத்து ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயில் 155 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கடைவீதியில் ஓட்டும்போது தெரியாது, டிராக்கில் நாலாவது சுற்றில் தெரியும். ஆகவே புது ஆயில், நல்ல பேட், அப்புறம் நான்கு நல்ல டயர். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாததால் அதையும் மாற்றினோம். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வயது வண்டி அதற்காகச் செய்ததில்லை, எனவே பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களும் புதிது. கிளட்ச் பிளேட் இன்னும் தாங்கும் என்கிறார் மெக்கானிக்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பாலிசித் தாளின் சின்ன எழுத்தைப் படித்தால் பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் கவரேஜ் இல்லை என்று இருக்கும். டிராக்கில் சுவரில் போய் விட்டால் செலவு முழுதும் நம் கையில் இருந்துதான். அதனால் அவன் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வங்கியிலேயே விட்டிருக்கிறான், அதற்கு நான் நின்று சண்டை போட வேண்டியிருந்தது. காவல்கிணறு நான்குவழிச் சாலையில் ராத்திரி ஓட்டிப் பார்க்கிற கூட்டத்தோடு சேர்ந்தால் சாவியை நானே பிடுங்கிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்கு டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள் மட்டும்தான், போட்டி இல்லை. போட்டி என்றால் இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம். ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. அக்காவிடம் மட்டும் கோயம்புத்தூருக்கு ஏதோ கல்யாணம் என்று சொல்லி வைத்திருக்கிறோம், இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும்.