சின்னவன் தூங்கின பிறகுதான் டெம்பரிங்: வீட்டிலிருந்து சாக்லேட் விற்ற 3 வருடம்

சின்னவனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது வீட்டுச் சமையலறையிலேயே சாக்லேட் செய்து விற்க ஆரம்பித்தேன். இப்போது அவனுக்கு நாலரை, பெரியவள் மூன்றாம் வகுப்பு. ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி முடிகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போகிற போக்கில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனசு வருவதில்லை, ஏனென்றால் அது முடிவதற்கு எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், இதே மாதிரி ஆரம்பிக்க நினைக்கிற யாருக்காவது உதவட்டும்.

முதல் ஆர்டர் தெரிந்த ஒருவருடைய மகள் பிறந்தநாளுக்கு, 40 சாக்லேட். அதற்கு முன்னால் வீட்டுக்காகச் செய்தபோதெல்லாம் காம்பவுண்ட் சாக்லேட்தான் பயன்படுத்தியிருந்தேன். அதில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், உருக்கி மோல்டில் ஊற்றினால் போதும், தானாகவே பளபளப்பாக இறுகிவிடும். காசு வாங்கி விற்கிறோம், நல்லதாகக் கொடுப்போம் என்று முதன்முதலாகக் கூவர்ச்சர் வாங்கினேன். அது உண்மையான கோகோ பட்டர் இருக்கிற சாக்லேட், டெம்பரிங், அதாவது சூட்டை ஏற்றி இறக்கிச் சரியாக இறுக வைப்பது, செய்தே ஆக வேண்டும். வீடியோக்கள் பார்த்திருந்தேன், தெர்மாமீட்டரும் வாங்கிவிட்டேன், மதியம் சின்னவன் தூங்கின நேரத்தில் ஆரம்பித்தேன். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, கிளறிக் கிளறி 28க்கு இறக்கி, திரும்ப 31க்குக் கொண்டுவர வேண்டும். 29 வரைக்கும் வந்திருந்தேன், அவன் அழுதுகொண்டே எழுந்துவிட்டான். ஓடிப்போய்த் தூக்கி, பால் கொடுத்து, தட்டி, திரும்பி வந்து பார்த்தால் பாத்திரத்தில் ஓரமெல்லாம் கெட்டியாகிக் கிடந்தது. அவசரத்தில் சூடு காட்டினேன், எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்காமலே மோல்டில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இருந்தது. சாப்பிட்டுப் பார்த்தேன், ருசி கெடவில்லை, ஆனால் உடைத்தால் அந்தச் 'சட்' சத்தம் இல்லை. நேரமில்லாததால் அப்படியே கொடுத்துவிட்டேன். சாயங்காலமே போன், பூஞ்சணம் பிடித்திருக்கிறதே என்று. பூஞ்சணம் இல்லை, கொழுப்பு மேலே வந்து படிவது, ஃபேட் ப்ளூம் என்பார்கள் என்று விளக்கினேன். அவர் நம்பினாரா தெரியாது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் புதிதாக 40 செய்தும் கொடுத்தேன். ஏமாற்றிவிட்டோமோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். கோகோ பட்டர் 6 விதமான படிகங்களாக இறுகக் கூடியது. அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும். அதுதான் பளபளப்பும் உடையும் சத்தமும் தருவது, சுமார் 34 டிகிரியில் உருகுவதும் அதுதான். நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே என்பதால் கையில் கொஞ்ச நேரம் நிற்கும், வாயில் போட்டதும் கரையும். டெம்பரிங் என்பது மற்ற வகைகளை ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் வளர வைக்கிற வேலை. இது புரிந்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரவே முடியாது. குழந்தை அழுதால் நானும் எழுந்து போகாமல் இருக்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டதுதான் தப்பு.

அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டில் சாக்லேட் சம்பந்தமாக நான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதி, நடுவில் எழுந்து போகலாம், போகக் கூடாது என்று பக்கத்தில் குறித்தேன். மோல்டைப் பஞ்சால் துடைத்துப் பளபளப்பாக்குவது, கட்டி சாக்லேட்டைப் பொடியாக நறுக்குவது, பெட்டி மடிப்பது, லேபிள் வெட்டுவது, ஆர்டர் கேட்பவர்களுக்குப் பதில் போடுவது, இறுகினதை மோல்டிலிருந்து எடுப்பது எல்லாம் போகலாம். டெம்பரிங் ஆரம்பித்ததிலிருந்து கடைசி மோல்டு ஊற்றும் வரை போகக் கூடாது, அது எனக்கு 50 நிமிடம். கனாஷுக்கு, அதாவது சாக்லேட்டும் க்ரீமும் கலந்த மென்மையான கலவைக்கு, க்ரீம் சூடாக்குவது போகக் கூடாது. பாதாம் வறுப்பது சின்ன வேலைதானே என்று போகலாம் பக்கம் எழுதியிருந்தேன், ஒரு தட்டு கருகின பிறகு மாற்றி எழுதினேன். இந்தப் பட்டியல்தான் என் தொழிலை நிமிர்த்தியது. பகலில் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வரும்போது போகலாம் வேலைகள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இருவரும் தூங்கி, கணவர் வீட்டில் இருக்கும்போது மட்டும் போகக் கூடாத வேலை. அந்த 50 நிமிடம் யார் அழுதாலும் அவர்தான் போவார். ஆரம்பத்தில் 'அம்மாதான் வேணும்' என்று சின்னவன் கதவுக்கு வெளியே நின்று அழுததும், உள்ளே நான் கிளறிக்கொண்டே கண் கலங்கினதும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் அவனுக்குப் பழகிவிட்டது.

ராத்திரியில் இன்னொரு நன்மையும் இருந்தது. அறை 20 டிகிரி பக்கத்தில் இருந்தால் சாக்லேட் நன்றாக இறுகும், பகலில் அடுப்பு எரிகிற சமையலறையில் அது கிடைக்காது. அதைவிட முக்கியம் நீராவி. உருகின சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், திரித்திரியாகக் கெட்டியாகிவிடும். ஒருமுறை டபுள் பாய்லரில், அதாவது கொதிக்கிற தண்ணீர் மேல் வைத்து உருக்கின பாத்திரத்தைத் துடைக்காமல் சாய்த்து அரைக் கிலோவைக் கெடுத்தேன். கெட்டியானதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, சூடான பாலைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினால் சாஸாக மாறும். ஒரு வாரம் பிள்ளைகளுக்கு அதுதான் பாலில். அதற்கப்புறம் மைக்ரோவேவில் 20, 30 விநாடியாக வைத்து வைத்துக் கிளறி உருக்குகிறேன். டெம்பரிங்குக்கும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மொத்த சாக்லேட்டில் கால் பங்கை உருக்காமல் தனியாக எடுத்து வைத்து, மீதி உருகினதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினால் ஏற்கெனவே சரியாக இறுகின அந்தத் துண்டுகளே மற்றதையும் சரியான வகைக்குக் கொண்டுவந்துவிடும். கத்தி நுனியை முக்கி எடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுகினால் சரி. இந்தச் சோதனையை இன்றைக்கும் ஒருமுறைகூட விட்டதில்லை. மில்க் சாக்லேட்டுக்கு இந்த டிகிரி எல்லாமே ஒன்றிரண்டு குறைவாக இருக்க வேண்டும், அதையும் நோட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் செய்கிறோம் என்பதை வாங்குகிறவர்கள் வெளியே சொல்லாவிட்டாலும் மனதில் நினைப்பார்கள். சாக்லேட் பாத்திரம், ஸ்பேட்டுலா, மோல்டு எல்லாம் ஒரு தனி அலமாரி, பூட்டுடன். தலையை மூடிக்கொள்வேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் அந்த வாரம் உற்பத்தியே கிடையாது, ஆர்டரைத் தள்ளிவைப்பேன், முடியாது என்பவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிவிடுவேன். வீட்டில் உணவு செய்து விற்பதற்கான பதிவு, உரிமம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், முதல் காசு வாங்கும் முன்பே விசாரித்து முடித்துவிடுங்கள். நான் நாலு மாதம் கழித்துத்தான் முடித்தேன், அந்த நாலு மாதமும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிற சம்பவம் ஒன்று உண்டு. ஒரு அம்மா ஆர்டர் கொடுக்கும்போது நிலக்கடலை இல்லாததுதானே என்று கேட்டார். அவர் கேட்டது மில்க் சாக்லேட் பார், அதில் கடலை இல்லை, அதனால் 'இல்லைங்க' என்று சொல்லிவிட்டேன். பெட்டி போய்விட்டது. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் நினைவு வந்தது, முந்தின நாள் கடலைக் கொத்து செய்த அதே ஸ்பேட்டுலாவைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். கழுவித்தான் வைத்திருந்தேன், ஆனால் ஒவ்வாமை இருக்கிற குழந்தைக்குத் துணுக்கு போதும். மணி பத்தேகால். உடனே போன் செய்து, தயவுசெய்து குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். நல்ல வேளையாகப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நன்றி என்றார். என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றையிலிருந்து எல்லா லேபிளிலும் பால், சோயா, கொட்டைப் பருப்புகள், நிலக்கடலை இருக்கிற சமையலறையில் செய்தது என்று பெரிய எழுத்தில் போடுகிறேன். கடலை ஒவ்வாமை என்று யாராவது சொன்னால் என்னிடம் வாங்காதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஆர்டர் போனால் போகட்டும்.

விலை வைப்பதில் முதல் வருடம் முழுக்கத் தப்பு செய்தேன். சாக்லேட் விலை, பெட்டி விலை இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் வைத்தேன், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கு 200 பெட்டி ஆர்டர் வந்தபோது வீடே குதூகலித்தது. மூன்று ராத்திரி, மொத்தம் 19 மணி நேரம். முடிந்து கணக்குப் போட்டால், அடுத்த தடவைக்குக் கூவர்ச்சர் வாங்கக்கூட அந்த லாபம் போதவில்லை. ரிப்பன், டேப், மின்சாரம், கீறல் விழுந்து ஒதுக்கின சாக்லேட், கொண்டுபோய்க் கொடுத்த வண்டிச் செலவு, எதையும் நான் சேர்க்கவில்லை. என் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. வீட்டில் இருக்கிறவள்தானே, நேரத்துக்கு என்ன விலை என்று நானே நினைத்திருக்கிறேன், அதுதான் என்னை அதிகம் வருத்தியது. அந்த 19 மணி நேரம் பெரியவளுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டிய நேரம், நான் தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

ஒரு பார் சாக்லேட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு வாரம் கடிகாரம் வைத்துக் குறித்து, மணிக்கு இவ்வளவு என் கூலி என்று முடிவு செய்து, அதையும் வீணாவதையும் சேர்த்துப் புது விலை போட்டேன். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆனது. பழைய வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும்போது விரல் நின்று நின்றுதான் போனது. மூன்றில் ஒரு பங்கு பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் முன்னைவிடக் குறைவாகச் செய்து முன்னைவிட அதிகமாக மிஞ்சியது. வீட்டுக் காசும் சாக்லேட் காசும் கலக்காமல் இருக்கத் தனி வங்கிக் கணக்கு வைத்தேன், அதைச் செய்யாத வரைக்கும் லாபமா நஷ்டமா என்பதே எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மாற்றினேன். டெலிவரிக்கு முந்தின ராத்திரி பெரியவளுக்குக் காய்ச்சல் வந்து கனாஷை உருட்டிச் செய்கிற ட்ரஃபிள் 30 பாதியில் நின்றுபோன பிறகு வந்த யோசனை இது. க்ரீம் சேர்த்த கனாஷில் ஈரம் இருப்பதால் அதிக நாள் வைக்க முடியாது, கடைசி நேரத்தில்தான் செய்தாக வேண்டும், அந்தக் கடைசி நேரம்தான் பிள்ளைகளுக்கு உடம்புக்கு வருகிற நேரம். வெறும் டார்க் சாக்லேட் பார், கொட்டைப் பருப்புக் கொத்து இவை காற்றுப் புகாத டப்பாவில் குளுமையான இடத்தில் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அதனால் என்னிடம் எப்போதும் கிடைப்பது காத்திருக்கக் கூடிய சாக்லேட் மட்டும்தான். ட்ரஃபிள் மாதம் இரண்டு நாள், அதுவும் முன்கூட்டியே சொன்னவர்களுக்கு. எந்த ஆர்டரையும் கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடித்து வைத்துவிடுகிறேன், காய்ச்சலோ பள்ளிக்கூடத்திலிருந்து திடீர் அழைப்போ வந்தால் அந்த இரண்டு நாள் தாங்கும்.

வெயில் காலத்தில் பாதி வியாபாரம்தான். அதிகாலையில் மட்டும் கொடுப்பேன், ஐஸ் பேக்கை நேராக ஒட்டாமல் நடுவில் தாள் அடுக்கு வைப்பேன், ஈரம் பட்டால் சர்க்கரை கரைந்து மேலே வெள்ளைத் தூளாக நிற்கும். குளிரிலிருந்து எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஒரு சின்னச் சீட்டும் உள்ளே வைக்கிறேன்.

பெரியவள் ஒருநாள், 'அம்மா, நீ எப்போ என்கூடப் படுப்பே?' என்று கேட்டாள். அப்போது வாரத்தில் ஆறு ராத்திரி வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாதமே மூன்று ராத்திரியாகக் குறைத்தேன், செவ்வாய், வியாழன், சனி. அதற்கு மேல் வருகிற ஆர்டருக்கு அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிடுவேன். காத்திருக்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் பேர்.

நாள்காட்டியில் ஆர்டர்களை இப்போது அவள்தான் எழுதுகிறாள், பச்சைப் பேனாவால். இந்த வாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில் '60 பார்' என்று நான் சொல்லி அவள் எழுதினதற்குக் கீழே, சொல்லாமலே சிவப்புப் பேனாவால் 'என் நாடகம், 6 மணி' என்று எழுதி வைத்திருந்தாள். 60 பாரையும் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். மோல்டு எல்லாம் துடைத்து அடுக்கியாகிவிட்டது, நறுக்கவேண்டியதும் நறுக்கியாகிவிட்டது, இன்றைக்கு ஒன்பதரைக்குச் சின்னவன் தூங்கினதும் ஆரம்பிக்க வேண்டும்.