வெள்ளவத்தை வீட்டில் சிங்கிள் மால்ட்டுக்கு மார்க் போடும் சனிக்கிழமைகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஒரு விதத்தில் சுலபம்தான். வெள்ளவத்தையில் வீடு கிடைத்துவிட்டால் காலி வீதியில் தமிழ்ப் பெயர்ப் பலகை, தமிழில் விலை கேட்கலாம், காலையில் இடியப்பமும் சொதியும். ஆனால் வேலை முடிந்து வீடு திரும்பியபின் உட்கார்ந்து பேச நாலு பேர் வேண்டுமே, அதற்குத்தான் நாள் பிடிக்கிறது. எங்களுக்கு அந்த நாலு பேரைச் சேர்த்துக் கொடுத்தது சிங்கிள் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் ஒரே வடிசாலையில் செய்த விஸ்கி.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு மால்ட், ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி. நானும் மனைவியும், மேல் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரும், எதிர் வீட்டு அண்ணனும். இறக்குமதி பாட்டிலுக்கு இங்கே வரி போட்டபின் இருக்கும் விலையை ஒரு வீடு தாங்காது. அதனால் மூன்று வீடும் சேர்ந்து வாங்குகிறோம். யாராவது வெளிநாடு போய் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போதே வரியில்லாக் கடையில் ஒன்று எடுத்து வருவது வழக்கமாகிவிட்டது. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது. நாங்களும் அன்றைக்கு வைத்துக்கொள்வதில்லை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவோம்.

எதிர் வீட்டு அண்ணன் மலையகத்தில் பிறந்தவர். கொழும்பில் தேயிலை ஏலத்துக்கு வரும் மாதிரிகளைச் சுவைத்துத் தரம் சொல்வதே வேலையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில், இலங்கையில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது. இந்த வரலாறெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விஸ்கியை எப்படிச் சுவைப்பது என்பதையும் தேயிலை வழியாகத்தான் கற்றுக் கொடுத்தார்.

முதல் தடவை அவர் வந்தபோது பலரும் பயன்படுத்தும் 100 மார்க் தாளை அச்சடித்து வைத்திருந்தேன். மணத்துக்கு 25, நாக்கில் படும் சுவைக்கு 25, விழுங்கியபின் நிற்பதற்கு 25, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு 25. தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இதெல்லாம் சரி, எதோட வைச்சுப் பார்த்து மார்க் போடப் போறீங்க?"

தேயிலையில் அதற்குத் தீர்மானமான முறை இருக்கிறது. சர்வதேசத் தரப்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். கோப்பை, தண்ணீர், நேரம் எதுவும் மாறக்கூடாது. மாறுவது இலை மட்டும்தான். அப்போதுதான் நாக்கு சொல்வதை நம்பலாம். எங்கள் மேசையிலும் அப்படி மாறாத ஒன்று வேண்டும் என்றார். கிளென்ஃபிடிச் என்ற 12 வயது மால்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். எங்கும் கிடைக்கிறது, ஆல்கஹால் 40 சதவீதம், ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதிக்கே உரிய மென்மை. ஒவ்வொரு மாதமும் முதல் கிளாஸ் அதுதான். அதற்கு 80 என்று நிரந்தரமாக வைத்துவிட்டோம். மற்ற மூன்றும் அதிலிருந்து ஏறவோ இறங்கவோ வேண்டும். இதைவிடப் பயனுள்ள ஒரு விதியை நான் எங்கும் படித்ததில்லை. போன வருடம் போட்ட 86ஐயும் இந்த மாதம் போட்ட 86ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது இதனால்தான்.

அந்த மூன்றும் என்ன என்று ஊற்றுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். ஊற்றுவது முறை வைத்து. அந்த மாதம் அவர் மார்க் போடமாட்டார். உள்ளறையில் ஊற்றி, கிளாஸ் அடியில் எண் ஒட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவருவார். வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே அளவிலான சின்ன வைன் கிளாஸ் போதும். பெயரும் வயதும் தெரியாமல் குடிக்கும்போதுதான் 18 என்று போட்ட பாட்டிலை 12 முந்துவது தெரியவருகிறது. லேபிளில் இருக்கும் வயது, கலந்த பீப்பாய்களில் மிக இளையதின் வயது, அவ்வளவுதான். பாட்டிலில் அடைத்தபின் விஸ்கிக்கு வயது ஏறாது. பிள்ளையின் கல்யாணத்துக்கு என்று அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இந்த ஊரிலும் உண்டு. அவர்கள் நிம்மதியாக இன்றைக்கே திறக்கலாம்.

கொழும்பில் பெரிய சவால் வெக்கை. 30 டிகிரியில் கிளாஸிலிருந்து ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கைத்தான் முதலில் குத்துகிறது, பழமும் பூவும் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஐஸ் போட்டால் மணமே அடங்கிவிடும். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாக அறையில் ஏசியை 22இல் போட்டு, பாட்டில், கிளாஸ், தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடுகிறோம். அன்று மீன் பொரிப்பதில்லை, சாம்பிராணி இல்லை, மல்லிகைப் பூ இல்லை. கொசுவர்த்திச் சுருளை மாலையிலேயே அணைத்துவிட வேண்டும். அந்தப் புகை திரைச்சீலையில் தங்கினால்கூட சில ஸ்காட்லாந்து மால்ட்டில் இருக்கும் புகை வாசம் எது, சுருள் வாசம் எது என்று பிரிக்க முடியாது. பைட்ஸ் எனும் கொறிக்கும் தீனியெல்லாம் கடைசியில்தான். இடையில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும்.

இனி தண்ணீர். நான் சொட்டு மருந்துக் குழாயில் இரண்டு சொட்டு விடுகிறவன். அண்ணன் அப்படியில்லை. முதல் வாய் அப்படியே குடிப்பார், பிறகு சரி பாதி தண்ணீர் சேர்த்துவிடுவார். 40 சதவீதம் 20 ஆகிவிடும். ஸ்காட்லாந்தில் கலவை செய்கிறவர்களும் மாதிரிகளை ஏறக்குறைய 20 சதவீதத்துக்குத் தணித்துத்தான் முகர்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எரிச்சல் போனபின் மரம், மாவு, பழம் எல்லாம் தனித்தனியாக நிற்கும், குறையும் மறைய முடியாது. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினியில் செய்து பார்த்த ஆய்வும் இதற்குப் பக்கபலம். தண்ணீர் சேர்க்கும்போது புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள் கிளாஸில் உள்ள விஸ்கியின் மேற்பரப்புக்கு வருகிறதாம். அண்ணன் அதை உறிஞ்சும் விதம் தேயிலை அறையில் செய்வதேதான்: உதட்டைக் குவித்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று இழுத்து, தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏற்றி, பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் துப்பிவிடுவார். அக்காவும் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

ஒரு மாதம் கிளென்ஃபிடிச்சுக்குப் பிறகு கிளென்ட்ரோனக் 12, டாலிஸ்கர் 10, லஃப்ரோய்க் 10 என்று வந்தன. பெயர் கடைசியில்தான் தெரிந்தது. இரண்டாவது கிளாஸை அக்கா மூக்கருகே கொண்டுபோனதும், "இது எங்கட நத்தார் கேக் வாசமெல்லோ" என்றார். இங்கே நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, ரவையும் கஜு எனும் முந்திரியும் பூசணி தோசி எனும் சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணியும் உலர்பழமும் போட்டுச் செய்கிற கேக் அது. கிளென்ட்ரோனக் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வளர்வது, உலர்பழ வாசம் அங்கிருந்துதான் வருகிறது. 87 போட்டார். டாலிஸ்கர் ஸ்கை தீவில் கடலோரத்து வடிசாலை, 45.8 சதவீதம். உப்பும் கடைசியில் மிளகுக் காரமும். என் மனைவிக்கு அன்று அதுதான் முதலிடம்.

நாலாவதில் வாக்குவாதம். லஃப்ரோய்க், ஐலா தீவில் பார்லியை உலர்த்தும்போது பீட் எனும் சதுப்புக் கரியின் புகையைக் காட்டிச் செய்வது. அயோடின், மருந்துக் கட்டு, ஈர விறகுப் புகை. நான் மகிழ்ச்சியாக 91 போட்டேன். அண்ணன் 74. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பில் ஓட்டை விழுந்து தூளில் புகை ஏறினால் அது பெரிய பழுது, அந்த மாதிரியின் விலையே விழுந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் புகையைத் தேடிக் கண்டுபிடித்துக் கழித்த நாக்கு அது. வேண்டுமென்றே ஏற்றிய புகை என்று நான் சொன்னதும் சற்று யோசித்தார். "சரி, புகை இருக்கட்டும். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்று தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் வெனிலாவும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் எழுந்தன. வெனிலா வருவது, பூர்பன் எனும் அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயிலிருந்து. பூர்பனுக்குப் புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்படுத்தியவை ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அண்ணன் 74ஐ அடித்து 83 எழுதினார். நானும் என் 91ஐ 88 ஆக்கினேன். புகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது அவ்வளவுதான். இப்போதெல்லாம் புகை மால்ட் எது வந்தாலும் எங்கள் தாளில் "அடியில் என்ன" என்று ஒரு வரி தனியாக இருக்கிறது.

இதற்கிடையில் அக்காவின் கணவர் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். நல்ல பழைய தென்னஞ்சாராயத்தையும் வரிசையில் சேர்க்க வேண்டுமாம். தென்னம்பாளைக் கள்ளைக் காய்ச்சி ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வைத்து எடுப்பது, இந்த மண்ணின் மது. சேர்க்கலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் கிளென்ஃபிடிச்சோடு வைத்து அளக்கக்கூடாது, அது நியாயமில்லை, சாராயத்துக்கு ஒரு சாராயம்தான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். எதை வைப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு பாட்டிலையும் வாங்கி வைத்திருக்கிறோம், ஊற்றும் முறை என்னுடையது.