இடைவேளை மூன்று விநாடி

திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்ததும் எழுந்துவிட்டேன். பழக்கதோஷம். கைப்பையைத் தோளில் மாட்டி, பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலைத் தாண்ட ஒரு காலையும் தூக்கியாயிற்று. மூன்று விநாடி இருக்கும். எழுத்து மறைந்து அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை, கதவு திறக்கவில்லை. "அக்கா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு பையனின் குரல். ஒற்றைக் காலில் நின்ற நான் அப்படியே உட்கார்ந்தேன்.

இது நடந்தது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், 2024 ஏப்ரலில், விஜய்யின் 'கில்லி' மறுவெளியீட்டின்போது. தமிழ்நாட்டில் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டு, மறுநாள் விரல் மையோடு தியேட்டருக்குப் போனார்களே, அந்தக் 'கில்லி'. இங்கே தமிழ்ப் படம் என்றால் ஊருக்கு வெளியே ஒரு மல்டிபிளெக்ஸில், வார இறுதியில் ஒன்றோ இரண்டோ காட்சி. திங்கட்கிழமை தேடினால் இருக்காது. டிக்கெட் 18 யூரோ. வீட்டுக்காரர் அஜித் கட்சி. "பாப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று பெருந்தன்மை காட்டிவிட்டார். தனியாக ரயிலேறிப் போனேன்.

உள்ளே நுழையும்போதே ஓர் அடி விழுந்தது. வாங்கிய பாப்கார்ன் இனிக்கிறது. இந்த நாட்டில் பாப்கார்ன் என்றால் சர்க்கரை போட்டதுதான். உப்பு வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். வந்து எட்டு வருஷம் ஆகிறது. குப்பையை நான்கு தொட்டிகளுக்குப் பிரித்துப் போடத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று தெரிகிறது. நடுராத்திரியில் ஒரு வண்டிகூட வராத சாலையில் சிவப்பு மனிதன் பச்சையாகும் வரை நிற்கிறேன். நன்றாகவே பழகிவிட்டேன். ஆனால் தியேட்டர் என்றால் நாக்கு மட்டும் உப்பைத்தான் எதிர்பார்க்கிறது.

கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்கு நான் போனதே பாதி அந்த இடைவேளைக்காகத்தான்.

2004-இல் இந்தப் படம் வந்தபோது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்தேன். அருப்புக்கோட்டையில் சித்திரை வெயில். சித்தி, நான், தம்பி, எதிர்வீட்டு அக்கா. பெண்கள் கவுண்டரில் வரிசை சின்னதாக இருக்கும் என்பதால் பக்கத்து வரிசை அண்ணன்மார் எல்லாம், "தங்கச்சி, ரெண்டு டிக்கெட் சேத்து எடுத்துக் குடும்மா" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சுவார்கள். பரீட்சையில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி ஒரு மிதப்பு வரும் அப்போது. உள்ளே மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிப்பதுதான் சித்தியின் முதல் லட்சியம். படம் அப்புறம்.

மணி அடித்து விளக்கு எரிந்ததும் தியேட்டரே வேறு இடமாகிவிடும். முறுக்குத் தட்டை ஒற்றைக் கையில் ஏந்தி, நம் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு வரிசைக்குள் நுழைகிற பையன். கோன் ஐஸ். பன்னீர் சோடா. நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் கோணலாக விழும் சிலைடு விளம்பரம். சித்தி திரும்பி உட்கார்ந்து பின்வரிசைகளை ஒரு நோட்டம் விடுவாள். "அந்தா பச்சைச் சேலை, அது நம்ம பாளையம்பட்டிக்காரங்க மருமகதானே? கூட யாரு?" என்று ஆரம்பித்தால், ரெண்டு கல்யாணப் பேச்சும் ஒரு பழைய சண்டையும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அலசப்படும். கழிப்பறைக்குப் பெண்கள் படையாகப் போய்ப் படையாகத் திரும்புவோம். இரண்டாம் மணிக்குள் கையில் இருக்கிற முறுக்கைத் தின்று முடிக்க வேண்டும். படம் ஓடும்போது கடித்தால் சித்திக்குப் பிடிக்காது.

அதே நினைப்பில்தான் ஸ்டுட்கார்ட்டுக்கும் இலங்கைக் கடை முறுக்கு ஒரு பாக்கெட் கைப்பையில் வந்திருந்தது. வெளித்தின்பண்டம் கூடாது என்று வாசலிலேயே போட்டிருந்தார்கள். எட்டு வருஷத்தில் நான் மீறிய முதல் ஜெர்மன் விதி. இடைவேளை விடுவார்கள், வெளியே போய்ச் சாப்பிட்டுவிடலாம் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் மூன்று விநாடியில் முடிந்துபோனதே.

பக்கத்து சீட்டு அக்கா கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கேட்டார்.

"தங்கச்சி, முறுக்கு வச்சிருக்கிறீங்களோ? மணக்குது."

"ஆமாக்கா. இடைவேளைல சாப்பிடலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"இங்க எங்கை பிள்ளை இடைவேளை? பதினெட்டு வரியமாப் பாக்கிறன், ஒரு நாளும் விட்டதில்லை." அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. "எங்கட ஊரில இடைவேளை எண்டால் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் விடுற நேரம்."

அவர் யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் வருஷக்கணக்காக அங்கே மின்சாரமே இல்லை. டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையில் இருக்கிற அத்தனை சனமும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி, ஒரே இரவில் மூன்று படம் பார்ப்பார்களாம். கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெட்ரோல், ஓடுவது மண்ணெண்ணெயில். படம் முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது இவ்வளவும் சொன்னார். அரங்குக்குள் இருந்தபோது பேச நேரமில்லை. ஆளுக்கொரு முறுக்கை எடுத்து, சத்தமான சண்டைக்காட்சி வரும் வரை காத்திருந்தோம். கபடியோ துரத்தலோ வரும்போது ஒரு கடி, வசனம் வரும்போது வாயில் ஊறவைத்துக்கொண்டு சும்மா இருப்பது. ஒரு தடவை கணக்குத் தப்பிவிட்டது. அரங்கமே அமைதியாக இருந்த நொடியில் 'மொறுக்'. முன்வரிசை மொத்தமும் திரும்பியது.

இனி மறுவெளியீட்டுச் சமாச்சாரம். எனக்கு இதில் இரண்டு மனசு.

அப்பா எம்.ஜி.ஆர். ரசிகர். அவர் காலத்தில் பழைய படத்தைத் திரும்பப் பார்க்க வேறு வழியே கிடையாது. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பெட்டி, பி சென்டர், சி சென்டர் என்று இறங்கி எங்கள் ஊருக்கு வரும்போது படம் முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். நடுவில் அறுந்து ஒட்டியதில் பாதிப் பாட்டு காணாமல் போயிருக்கும். போஸ்டரில் மட்டும் 'புத்தம் புதிய காப்பி' என்று கூசாமல் போட்டிருப்பார்கள். அப்பா அதை நம்பி ஒவ்வொரு தடவையும் போவார். 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் துடைத்து வந்து, சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியபோதும், 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தபோதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இப்பதான்மா நிஜமாவே புதுக் காப்பி போட்டிருக்கான்" என்றார். அது நியாயம். கெட்டுப்போக இருந்த நெகட்டிவைக் காப்பாற்றி, ஒலியைச் சரிசெய்து கொண்டுவருவது புண்ணிய காரியம்.

இப்போது நடப்பது அப்படியா? பிறந்தநாளுக்கு ஒன்று, இருபதாம் ஆண்டுக்கு ஒன்று, புதுப்படம் கிடைக்காத வாரத்துக்கு ஒன்று. டிவியில் எத்தனை தடவை வந்தது என்று கணக்கே இல்லாத படத்துக்கு 4கே முலாம். திரிஷா முகத்தில் இருபது வருஷத் தூசியைத் துடைத்துவிட்டார்கள், சரி. ஆனால் சின்னப் படம் எடுத்துவிட்டுத் தியேட்டர் கிடைக்காமல் அலைகிறவனை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. 'பாபா'வையோ 2022-இல் வெட்டிச் சுருக்கி, முடிவையும் மாற்றி, ரஜினியைப் புதிதாக டப்பிங் பேசவைத்து விட்டார்கள். ஓடாத படம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2002-இல் அந்த முழு நீளத்தையும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பார்த்த எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எல்லாம் பேசுவேன். டிக்கெட்டும் எடுப்பேன். வெளிநாட்டுத் தமிழர் பழைய நினைப்புக்குக் காசு கொடுப்பார்கள் என்று எவனோ கணக்குப் போட்டுத்தான் இங்கே அனுப்புகிறான் என்று தெரிந்தே எடுப்பேன். அன்றைக்கு அரங்கில் பாதிப் பேர் 2004-இல் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள். மேற்படிப்புக்கு வந்த பையன்கள், இங்கேயே பிறந்த ஈழத்துப் பிள்ளைகள். பிரகாஷ்ராஜ் 'செல்லம்' என்று வாயெடுக்கும் முன்பே மொத்தக் கூட்டமும் சொல்லி முடிக்கிறது. அதில் ஒன்றிரண்டு 'செல்லம்' ஜெர்மன் வாடையோடு வந்தது. எரிச்சலாக இருந்தது. எழுந்து நின்று நானும் கத்தலாம் போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "கில்லியா? போன வாரந்தான் டிவில போட்டான். அதுக்காடி ரயிலேறிப் போன?" என்றாள். பின்னாலிருந்து சித்தி குரல்: "இடைவேளைல என்ன வாங்கித் தின்னாளாம், கேளு."

இனி இந்தப் பழம்படங்களுக்குப் போவதில்லை என்று தீர்மானம் செய்தேன். 'தளபதி'க்குக் காய்ச்சல், போகவில்லை. 'சச்சின்' பெரிய ஆசையில்லை. தீர்மானம் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 2025 டிசம்பரில் 'படையப்பா'.

படம் முதலில் 19 ரீல் நீளம் வந்ததால் இரண்டு இடைவேளை விடலாமா என்று ரஜினியே யோசித்ததாகவும், அப்புறம்தான் வெட்டிச் சுருக்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டு இடைவேளை! சித்தியிடம் இதைச் சொன்னபோது, "விட்டிருந்தா என்னவாம்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

இந்தத் தடவை உஷாராகிவிட்டேன். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து அதிரசம் சுட்டேன். பாகு பதம் தப்பிக் கொஞ்சம் உதிர்ந்தது, ஆனால் கடித்தால் சத்தம் வராது. அதே மல்டிபிளெக்ஸ், அதே இனிக்கும் பாப்கார்ன் வாசனை. யாழ்ப்பாணத்து அக்கா எனக்கு முன்பே வந்து, பக்கத்து சீட்டில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து நீட்டினேன். இருட்டில் குனிந்து பார்த்தார்.

"ஏன் பிள்ளை, முறுக்கு இல்லையோ?"