அழித்துப் பதிந்த கசெற்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார். கிரிக்கெட் மேட்ச், விடுதிச் சாப்பாடு, பிரம்போடு திரிந்த வாத்தியார் மூன்றுக்கும் ஏற்கெனவே ஆள் பிடித்தாயிற்றாம். "வேறை ஏதாவது எழுது மச்சான்" என்றார். சரி, முப்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் 95இல் ஏ.எல். பரீட்சை எழுதிய பட்ச்காரர் என்னைத் தாராளமாகத் திட்டலாம்.

என் மேசை லாச்சிக்குள் ஒரு டிடிகே டி90 கசெற் கிடக்கிறது. அதன் முதுகுத் தாளில் இரண்டு பேரின் எழுத்து. அடியில் நீலப் பேனாவில், அச்சுக் குத்தினது போல, என் பெயர். அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு கறுப்பு மார்க்கரில் "ராப் சிட்டி 94". நீலப் பேனா எழுதியவர் உங்களில் ஒருவர். மார்க்கர் என் கைவேலை.

1992 தொடக்கத்தில் நான் ரொறன்ரோ வந்து இறங்கினேன், பதினாறு வயது. ஸ்காபரோவில் பதினோராம் மாடி, சித்தப்பா வீடு, இரண்டு அறைக்குள் ஏழு பேர். சித்தப்பா இரவில் ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவினார், சித்தி பகலில் தையல் ஆலைக்குப் போனா. பின்னேரம் நாலு மணிக்கு நான் பள்ளிக்கூடத்தால் வந்தால் வீட்டில் நானும் ஒரு தொலைக்காட்சியும் ஒரு வீடியோ டெக்கும்தான். ஊரில் ஜெனரேட்டரோடு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய நாலு படம் பார்த்த அதே டெக். இங்கே அது துணி மூடிச் சும்மா இருந்தது.

அந்தத் தொலைக்காட்சியில்தான் மச் மியூசிக் வந்தது. 1984இல் தொடங்கிய கனடாவின் பாட்டு அலைவரிசை. அமெரிக்காவின் எம்டிவி அப்போது கனடாவுக்கு வராது, ஆகவே எங்களுக்கு எல்லாமே மச் தான். நகர நடுவில் குவீன் வீதி மேற்கு 299ஆம் இலக்கக் கட்டடத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் அவர்களின் ஸ்டூடியோ. பனிக்குள் நின்று மூக்கைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்க்கலாம். கட்டடத்தின் ஒரு பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு செய்தி வாகனம் வெளியே பாய்வது போலப் பொருத்தி வைத்திருந்தார்கள். நான் முதன்முறை பார்த்தபோது உண்மையான விபத்து என்று நினைத்து ஆட்களைத் தேடினேன். ஷெல் விழுந்த கட்டடங்களைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த அலைவரிசையில் ராப் பாட்டுக்கென்றே ராப் சிட்டி என்று ஒரு நிகழ்ச்சி. நடத்தியவர்களில் எனக்குப் பிடித்தவர் மாஸ்டர் ரி. சடை வளர்த்த தலை, நிறம் நிறமாகச் சட்டை, பக்கத்து வீட்டு அண்ணா கதைப்பது போலப் பேச்சு. பாடகரைக் கதிரையில் இருத்தி விசாரணை நடத்தமாட்டார், தானும் ஆளோடு சேர்ந்து சிரிப்பார். எனக்கு அவர் பேசும் ஆங்கிலம் விளங்கியது, பாடுகிறவர்களின் ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் காது ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வரி முடிகிற இடத்தில் ஒரே ஓசை வந்து விழுவதை எங்கள் தமிழ் வாத்தியார் இயைபு என்று படிப்பித்தாரே, அது இதில் வரி நடுவிலும் விழுந்தது, வரியைத் தாண்டிப் போயும் விழுந்தது. யாப்பில் எனக்கு அவர் போட்ட புள்ளி நாற்பதுக்குள்தான். இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டால் இதைச் சொல்லியிருப்பேன்.

நேரடியாகக் கட்டிப் பாடும் போட்டியும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய பாட்டுக்குப் பாட்டை நாங்கள் விடுதித் திண்ணையில் நடத்தினோமே! எழுத்துக் கொடுத்து, மணி அடிக்கும் முன் தொடங்காவிட்டால் ஊளை. இவர்கள் பழைய பாட்டைத் தேடாமல் அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டினார்கள், மற்றபடி ஊளை ஒன்றுதான்.

பாட்டுகளைச் சேர்க்கும் பைத்தியமும் ஊரில் இருந்தே வந்தது. யாழ்ப்பாண நகரத்தின் ரெக்கோர்டிங் பார்களை மறந்திருக்கமாட்டீர்கள். கொப்பி ஒற்றையில் பாட்டு வரிசை எழுதி, வெறுங் கசெற்றோடு கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். தொண்ணூறு நிமிடக் கசெற் என்றால் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. கூட்டிப் பார்க்காமல் எழுதினால் கடைசி இளையராஜா சரணத்தோடு அறுந்துபோவார். சோகப் பாட்டுக்குப் பின்னால் குத்துப் பாட்டு வந்தால் கேட்கிறவனுக்குத் துக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதி வகுப்புக்கு வரிசை எழுதிக் கொடுத்தவன் நான். மிக்ஸ்டேப் என்ற சொல்லை இங்கே கேட்டபோது, அட இது எங்கள் ஒற்றை வேலை என்று பிடிபட்டுவிட்டது.

வேலை இப்படி. டெக்கில் இருந்து சிவப்பு வெள்ளை வயரை ஹை-ஃபையின் பின்பக்கம் செருகவேண்டும். ரெக்கோர்ட், பிளே, போஸ் மூன்றையும் அமத்தி வைத்துக் காத்திருந்து, தாளம் விழும் இடத்தில் போஸை விடவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் முதல் ஒன்றிரண்டு செக்கன் தப்பும். வானொலி இன்னும் மோசம், பாட்டின் தலையிலும் வாலிலும் அறிவிப்பாளர் ஏறி இருப்பார். வணிக வானொலிகள் ராப்பைத் தொடாத காலம் அது. ரொறன்ரோவில் அதற்கென்று முழுநேர எஃப்எம் ஃப்ளோ 93.5 என்று 2001இல்தான் வந்தது. அதுவரை பல்கலைக்கழக வானொலிகளே கதி. ரயர்சனின் சி.கே.எல்.என். 88.1இல் ரொன் நெல்சன் 1983இல் தொடக்கிவைத்த சனிக்கிழமை வழக்கம் அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சி.ஐ.யு.ரி. 89.5 இன்னொன்று. காற்று நல்லாயிருந்தால் ஒன்ராரியோ ஏரிக்கு அப்பால் பஃபலோ நகரத்து டபிள்யூ.பி.எல்.கே. 93.7 வரும். பதினோராம் மாடி பல்கனிக் கம்பியில் ஏரியலைக் கட்டிவிட்டு, மைனஸ் பதினைந்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்தது நான்தான். சித்தி தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்தபடி, "உந்தக் கறுமத்துக்கா?" என்று கேட்டா.

எம்டிவி இல்லாத குறையை நியூ ஜேர்சி மச்சான் தீர்த்தான். 1988இல் அங்கே தொடங்கிய யோ! எம்டிவி ராப்ஸ் நிகழ்ச்சியை ஆறு மணி நேர வேகத்தில் வீடியோ கசெற்றில் பதிந்து, கலியாணவீட்டுக்கு வரும் கார்களில் கொடுத்துவிடுவான். வார இறுதியில் ஃபாப் ஃபைவ் ஃபிரெடி, வார நாளில் எட் லவரும் டொக்டர் ட்ரேயும் நடத்துவார்கள். (டொக்டர் ட்ரே என்று இரண்டு பேர். இவர் நியூ யோர்க்காரர், கலிபோர்னியாக்காரர் வேறு. இதற்காகவே இரண்டு பேர் எங்கள் வீட்டு ஹோலில் கைகலப்பு வரை போனார்கள்.) அந்த நிகழ்ச்சி 1995இல் நின்றது.

மச்சான் அனுப்பியதில் இன்னொரு ரகமும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் வியாழன் இரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ரோங், பொபிட்டோ இருவரும் நடத்திய நிகழ்ச்சியின் கசெற்கள். 1990 முதல் 98 வரை ஓடியது. நாஸ், ஜே-ஸீ, பிக் எல் போன்ற ராப் பாடகர்கள் உலகம் அறியுமுன் வந்து மைக்கைப் பிடித்த இடம். எனக்கு வந்தது கொப்பியின் கொப்பியின் கொப்பி. ஒவ்வொரு கொப்பிக்கும் இரைச்சல் கூடும், சலங்கைச் சத்தம் போன்ற மெல்லிய ஓசைகள் முதலில் சாகும். கடைசியில் கிணற்றுக்குள் இருந்து ஒருவன் கத்துவது போல இருக்கும். அதைத்தான் நாங்கள் பொக்கிஷம் என்று கையில் இருந்து கையை மாற்றினோம். கடையில் கிடைக்காது என்பது ஒன்றே போதும்.

யங் வீதியில் பிளே டி ரெக்கோர்ட் என்ற கடைக்கு மாதச் சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் போவோம். உரையில் எதுவும் அச்சடிக்காத வெள்ளை லேபல் இசைத்தட்டுகளை டிஜேக்கள் கோழிக்கடைக்காரர் போலக் கையில் நிறுத்துப் பார்ப்பார்கள். நான் வாங்கியதைவிட நின்று கேட்டது அதிகம். மெயின் சோர்ஸ் என்ற ராப் குழுவின் இசைக்காரர்கள் கே-கட், சேர் ஸ்க்ராச் இருவரும் ரொறன்ரோவில் பிறந்தவர்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர்களின் 1991ஆம் ஆண்டு இசைத்தட்டில்தான் நாஸின் குரல் முதன்முறை பதிவாகி வெளிவந்தது. எங்கள் ஊர்ப் பொடியள் போட்ட பந்தலில் நாஸ் அரங்கேறியிருக்கிறார் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். வந்து இரண்டு வருடத்தில் ரொறன்ரோ "எங்கள் ஊர்" ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

1994 ஆவணியில் கொழும்பில் இருந்து வந்த ஒரு மாமி எங்கள் வீட்டில் ஒரு பார்சல் தந்தா. பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல், நடுவில் பெனியனால் சுற்றிய இந்தக் கசெற். நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எனக்குப் பேசிப் பதிந்தது. ஊரில் 1990இல் போன மின்சாரம் திரும்பவில்லை, பேட்டரி தடைப் பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நாலு டயோட் பூட்டி, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பதிந்திருக்கிறீர்கள். அது கிளாலிக் கடல் கடந்து, கொழும்பில் யாருடைய வீட்டிலோ மாதக்கணக்கில் கிடந்து வந்தது. நான் இரண்டு தரம் முழுக்கக் கேட்டேன். பதில் பதிந்து அனுப்பவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்த மாரியில் ஒரு நாள் ராப் சிட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நான் எங்கும் கேட்டிராத ஒரு ரீமிக்ஸ் வரப்போகிறது என்று மாஸ்டர் ரி சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போனார். வீட்டில் வெறுங் கசெற் ஒன்றும் இல்லை. லாச்சியை இழுத்தேன். நீங்கள் விவரமானவர்கள், மேலே ஒருவரும் பதியக்கூடாது என்று இரண்டு மூலைக் காதையும் உடைத்துத்தான் அனுப்பியிருந்தீர்கள். செலோரேப்பை அந்த ஓட்டைகளில் ஒட்ட எனக்கு அரை நிமிடம் போதும். "பிறகு இன்னொரு தரம் அனுப்பச் சொல்லலாம்" என்று அப்போது மனதுக்குள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழும்பி நடந்தது. பேசியவர்களில் யார் வன்னிக்குப் போனார்கள், யார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று பாதிப் பேரின் கதை எனக்கு இந்தச் சங்கம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

ரீமிக்ஸ் என்னவென்று கேட்பீர்கள். இன்று அதைத் தேட ஒரு நிமிடம் போதும், முதல் ஒன்றிரண்டு செக்கனும் சேர்ந்தே கிடைக்கிறது. மோசமில்லை. அவ்வளவுதான்.

பி பக்கத்தின் வாலில் நாலு நிமிடம் தப்பியிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து நான் நிறுத்திய இடத்தில் இருந்து நீங்கள் வருகிறீர்கள், எலிக்குஞ்சுகள் போல. காரணம் இதுதான்: சுற்றுகிறவருக்குக் கை ஓய ஓயப் பதியும் வேகம் குறைந்திருக்கிறது. குறைந்த வேகத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும். ஹியூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ என்றொருவர் அதே காலத்தில் பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, குரலைப் பாகு போல இழுத்துக் கசெற் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். இன்று அது ஒரு தனிப் பாணி. போன மாரியில் நான் இந்த நாலு நிமிடத்தைக் கணினியில் ஏற்றி, அவர் செய்ததைச் செய்து பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, எலிக்குஞ்சுகள் மனிதர் ஆனார்கள். நெட்டையனின் குரல் முதலில் வந்தது. பிறகு லண்டனில் இருக்கும் எங்கள் மொனிற்றர், அதே அதிகாரத்தோடு, "இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்கிறார். ஒருவர் சாகித்தியம் வாத்தியாரைப் போலத் தொண்டையைச் செருமிக் காட்டுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். தூரத்தில் கோவில் மணி.

மைக்குக்குத் தள்ளி இன்னொருவர் இருக்கிறார். நாலு நிமிடமும் மூச்சு வாங்குகிறார். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிறீச்சிடுகிறது. முடிவுக்குக் கொஞ்சம் முன் அவர் ஒரே ஒரு தரம் வாய் திறக்கிறார்: "கை விட்டுப்போச்சு, ஆராவது மாறி வாங்கோடா." ஒருவரும் மாறவில்லை. நெட்டையன் "சுத்தடா, சுத்தடா" என்கிறான். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக மேலே ஏறிக் கசெற் முடிகிறது.

கோடை ஒன்றுகூடலுக்கு இதைக் கொண்டுவருகிறேன், அரங்கில் போட்டுக் கேட்கலாம். நெட்டையனிடம் கேட்டேன், நினைவில்லையாம். மொனிற்றரும் கையை விரித்துவிட்டார். ஏ பக்கத்தின் தொடக்கத்தில் எல்லோரும் தங்கள் பெயரைச் சொன்னீர்கள் என்பது நினைவிருக்கிறது, அதில் அவர் பெயரும் இருந்திருக்கும். சைக்கிளைச் சுற்றியது யார்?