தாமா கல்லறையிலிருந்து தொடங்கிய குறிப்புகள்

நவம்பர் 9
டோக்கியோவுக்கு மேற்கே தாமா கல்லறைத் தோட்டம். ஜப்பானியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் உச்சிமுரா கான்ஸோவின் கல்லில் நான்கு வரிகள்: நான் ஜப்பானுக்கு, ஜப்பான் உலகத்துக்கு, உலகம் கிறிஸ்துவுக்கு, எல்லாம் கடவுளுக்கு. செதுக்கியிருப்பது ஆங்கிலத்தில். நாட்டின் மேல் அவர் வைத்திருந்த பாசம் அந்நிய மொழியில் கல்லாகி நிற்பதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

நவம்பர் 11
1891 ஜனவரி 9 பற்றியே இன்று முழுக்கப் படித்தேன். கல்வி பற்றிய பேரரசரின் ஆணை, உச்சிமுரா ஆசிரியராக இருந்த பள்ளிக்கு வந்திருக்கிறது. ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய், அதிலுள்ள கையொப்பத்தின் முன் ஆழமாகக் குனிய வேண்டும். மூன்றாவதாகப் போன உச்சிமுரா ஒரு கணம் தயங்கி, தலையை லேசாகத்தான் சாய்த்தார். அவ்வளவுதான். நாடே துரோகி என்றது, வேலை போயிற்று. நிமோனியாவில் படுத்தார். அவரைப் பார்த்துக்கொண்ட மனைவி அந்த ஏப்ரலில் இறந்துபோனார். இயேசு, ஜப்பான் இரண்டையும் நேசிக்கிறேன் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதர் அவர்.

நவம்பர் 15
எபினா தான்ஜோ, இன்னொரு ஜப்பானியக் கிறிஸ்தவப் போதகர். உச்சிமுராவைப் போலவே இவருக்கும் விசுவாசம் அமெரிக்கரிடமிருந்துதான் வந்தது. 1876இல் குமாமோட்டோவின் ஹனாவோகா மலையில் உறுதிமொழி எடுத்த மாணவர்களில் ஒருவர். உச்சிமுரா சப்போரோவில், இவர் குமாமோட்டோவில். அப்புறம், பழைய கோட்பாடுகளை வரலாற்றின், பகுத்தறிவின் கண்ணால் பார்க்கும் ஜெர்மானிய தாராளவாத இறையியல் வந்தது. பழைய கோட்பாடுகளின் பிடி தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் எபினா ஜப்பானின் பழைய மதமான ஷின்டோவையும் கன்பூசிய அரசபக்தியையும் சேர்த்துக்கொண்டார். 1904இல் ரஷ்யாவோடு போர் மூண்டபோது எபினா ஆதரித்தார், உச்சிமுரா எதிர்த்தார். ஆனால் சீனாவோடு நடந்த 1894 போரை உச்சிமுராவும் நியாயப்படுத்தி எழுதியிருந்தார். அதை மறைக்கக் கூடாது.

நவம்பர் 22
தூக்கம் வரவில்லை. கார்ல் பார்த்!

எபினாவைத் தாராளவாதம்தான் வழி தவறச் செய்தது என்றால், அதை உடைத்த சுவிஸ் இறையியலாளர் பார்த் ஜப்பானியர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? 1934இல் பார்மென் அறிக்கையை எழுதி, திருச்சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவன் இல்லை என்று ஹிட்லரின் காலத்திலேயே சொன்னவர். அதே முப்பதுகளில் ஜப்பானிய இறையியலாளர்கள் அவரை அவ்வளவு ஆர்வமாகப் படித்தார்கள். கடவுள் முற்றிலும் வேறானவர் என்பதை எடுத்துக்கொண்டார்கள். அரசை எதிர்த்து வந்த அந்த 'இல்லை'யை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டார்கள். விசுவாசம் மேலே, அரசியல் கீழே. இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. இறக்குமதியான சரக்கின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. எதைப் பிரித்து வெளியே வைத்தார்கள், எதைப் பெட்டிக்குள்ளேயே விட்டார்கள் என்பதுதான் விஷயம்.

1941இல் முப்பதுக்கு மேற்பட்ட சபைகள் அரசின் அழுத்தத்தில் கியோதான் என்ற ஒரே ஐக்கிய சபையாக இணைந்தன. 1944இல் அது கிழக்காசியக் கிறிஸ்தவர்களுக்குப் பவுலின் நிருப நடையில் ஒரு கடிதம் எழுதி, ஜப்பானின் போரோடு ஒத்துழைக்கச் சொன்னது. பவுல் சங்கிலியில் இருந்து எழுதியவர்! அதே 1944 ஏப்ரலில், ஜப்பானின் ஆட்சியிலிருந்த கொரியாவில், ஷின்டோ ஆலயத்தில் வணங்க மறுத்த கொரியப் போதகர் சூ கீ-சொல் பியோங்யாங் சிறையில் இறந்தார்.

நவம்பர் 23
1967 ஈஸ்டர். கியோதானின் தலைவர் சுசுகி மசஹிசாவின் பெயரில் போர்க்காலப் பொறுப்பை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை வந்தது. உலகத்துக்கு ஒளியாகவும் பூமிக்கு உப்பாகவும் இருக்க வேண்டிய சபை போருக்குத் துணைபோயிற்று, காவலாளனாக இருக்கத் தவறினோம் என்கிறது. சூ கீ-சொல் இறந்து இருபத்திமூன்று வருடம் ஆகியிருந்தது.