ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் நர்ஸாகச் சேர்ந்த அனுபவம்

அமெரிக்காவில் ஐ.சி.யூ. நர்ஸாகச் சில வருடங்கள் இருந்துவிட்டு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தேன். இன்டர்வியூவில் வென்டிலேட்டர், ரத்த அழுத்த மருந்துகள் பற்றிய கேள்விகள் சுலபமாகப் போயின. கடைசிக் கேள்விதான் வேறு மாதிரி. "பைலட் போகலாம் என்கிறார், பாராமெடிக்கும் (அவசர மருத்துவ உதவியாளர்) போகலாம் என்கிறார். உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. என்ன செய்வீர்கள்?" ஏற மாட்டேன் என்றேன். "காரணம் சொல்லத் தெரியாவிட்டால்?" அப்போதும் ஏற மாட்டேன் என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் எடுத்தோம் என்று பிறகு சொன்னார்கள். கிளம்ப மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும், நிறுத்த ஒருவர் போதும். இந்தத் தொழிலில் எல்லா பேஸிலும், அதாவது ஹெலிகாப்டரும் குழுவும் காத்திருக்கும் நிலையங்களிலும், சொல்லும் விதி இது.

அப்புறம் பயிற்சி. 2014-இல் வந்த அமெரிக்க விமானத்துறை விதிப்படி, பின்னால் உட்காரும் மருத்துவக் குழுவுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாதுகாப்பு விளக்கம் தர வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகப் பயிற்சி தந்திருக்க வேண்டும்: குறைந்தது 4 மணி நேரம் வகுப்பு, 4 மணி நேரம் ஹெலிகாப்டரிலும் அதைச் சுற்றியும். நான் சேர்ந்த இடத்தில் பயிற்சியை அதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். தீப்பிடிக்காத உடைக்குள் பருத்தி உள்ளாடை மட்டுமே போட வேண்டும்; நைலான் என்றால் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விபத்தில் தரையில் விழுந்த பிறகு பைலட் மயங்கிக் கிடந்தால், த்ராட்டில் (என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடி), எரிபொருள், பேட்டரி என்ற வரிசையில் நாங்கள் அணைக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கையிலிருந்து வெளியேறவும் பழகினோம். ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி இருக்க, மறு கையால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். பிடியை விட்டால், கவிழ்ந்து கிடக்கும்போது கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. இறக்கை முழுதாக நின்ற பிறகுதான் வெளியே வர வேண்டும். வந்ததும் எல்லோரும் ஹெலிகாப்டரின் மூக்குக்கு நேர் முன்னே கூட வேண்டும்.

வகுப்பில் என்னை அதிகம் உலுக்கியது மிசோரி மாநிலம் மாஸ்பி அருகே 2011 ஆகஸ்டில் நடந்த விபத்து. நோயாளியை ஏற்ற இறங்கிய இடத்திலேயே எரிபொருள் குறைவு என்று பைலட்டுக்குத் தெரிந்தது. வழியில் ஒரு விமான நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பினார். அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மைல் இருக்கும்போது என்ஜின் நின்றது. நர்ஸ், பாராமெடிக், நோயாளி, பைலட் நால்வருமே இறந்தார்கள். அன்று பணி நேரத்தில் பைலட் சொந்த விஷயமாகச் செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததையும் விசாரணை பதிவு செய்தது. அதைப் படித்ததிலிருந்து எரிபொருள் அளவைப் பைலட் சொல்லும்வரை நான் காத்திருப்பதில்லை, கேட்டுவிடுவேன்.

எங்கள் பேஸில் அழைப்பு வந்தால், பைலட்டுக்கு எங்கே, எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் சொல்வார்கள். நோயாளி குழந்தையா, பெரியவரா, எவ்வளவு மோசம் என்பதெல்லாம் வானிலையைப் பார்த்து அவர் முடிவு சொன்ன பிறகுதான். குழந்தை என்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? சாகக் கிடக்கிறது என்பதற்காக மேகம் விலகிவிடாது.

மறுக்கும் உரிமையை நான் பயன்படுத்தியது ஒரு குளிர்கால இரவில். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன, அதாவது எப்போது வேண்டுமானாலும் மூடுபனி இறங்கலாம். குறைந்தபட்ச வரம்புக்கு மேலேதான் பார்வைத் தூரம் இருந்தது. பைலட் சரி என்றார். ஹெலிகாப்டர் நிறுத்தும் ஹேங்கருக்கு வெளியே கம்பத்து விளக்கைச் சுற்றி வெள்ளையாக வளையம் கட்டியிருந்ததைக் காட்டி, எனக்கு ஒப்பவில்லை என்றேன். பைலட் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரேடியோவில் மறுப்பைச் சொல்லிவிட்டார். அந்த மருத்துவமனை அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுவதற்குள், வானிலையால் மறுத்தோம் என்பதை அவர்களுக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஒருவர் மறுத்ததை மறைத்து இன்னொருவரை அழைப்பதில் உயிர்கள் போயிருக்கின்றன. கடைசியில் தரைவழி ஆம்புலன்ஸில் நானும் பாராமெடிக்கும் போய் அந்த நோயாளியைக் கொண்டுவந்தோம்.

இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் நர்ஸ்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். இரவுப் பார்வைக் கண்ணாடி பைலட்டுக்கு மட்டுமா, பின்னால் இருப்பவர்களுக்கும் உண்டா? கடைசியாகப் பயணத்தை மறுத்தவரை மறுநாள் யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா? இரண்டாவது கேள்விக்கு இழுத்துப் பேசினால் வேறு பேஸ் பாருங்கள்.